துரைக்கு வீடு பார்த்த நான்கு நாள்

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு, மூன்றாவது வீட்டிலிருந்தும் துரை திரும்பி வந்தார். கொண்டு வந்து விட்ட மனிதர் காரை விட்டு இறங்கக்கூட இல்லை. கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி, கயிற்றின் நுனியைக் கிளினிக் வாசலில் நின்ற பெண்ணின் கையில் திணித்தார்.

"கூப்பிட்டா வரமாட்டேங்குது, தொட்டா கடிக்க வருது. எங்களுக்குச் சரிப்படாதும்மா."

கூப்பிட்டால் எப்படி வரும்? பிறவிச் செவிடு. உடம்பெல்லாம் வெள்ளை வெளேர் என்று பிறக்கும் சில நாய்களுக்கு அப்படி ஆவதுண்டு. காது இரண்டும் விறைப்பாக நிற்கும், உள்ளே ஒன்றும் போகாது. இதை அந்த மனிதரிடம் அவள் வாயால் ஒரு தடவையும் எழுத்தில் மூன்று தடவையும் சொல்லியிருந்தாள். அன்றைக்குத் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டி வாங்கிக்கொண்டு போனவர்தான் இவர்.

துரை என்று பேர் வைத்தது கிளினிக்கில் பெருக்கித் துடைக்கும் அக்கா. முதல் நாள் பத்துத் தடவை கூப்பிட்டும் திரும்பாததைப் பார்த்து, "துரைக்குக் காது கேக்கலையோ" என்று நக்கலடித்தாள். நிஜமாகவே கேட்காது என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கயிற்றை வாங்கிக்கொண்டவளுக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. டிகிரி. அவள் குடியிருக்கும் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். விலங்கியல் படித்துவிட்டு, மில் ரோட்டில் இருக்கும் நாய் பூனை கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். டோக்கன் கொடுப்பாள், மருந்து எடுத்துக் கொடுப்பாள், அனாதையாக வந்து சேர்ந்த பிராணிகளுக்கு வீடு பார்ப்பாள். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதைத்தான் உயிரைக் கொடுத்துச் செய்தாள்.

டாக்டரம்மா துரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சனிக்கிழமை எக்ஸ்ரே மெஷின் வருது. இவன் இருக்கிற பின் ரூம்லதான் வைக்கணும். அதுக்குள்ள ஆள் பாரு. இல்லன்னா நகராட்சிக் காப்பகத்துக்குப் போன் பண்ணிடுவேன்."

"அங்க இருநூறு நாய் இருக்கு மேடம். யாராவது பின்னாலேர்ந்து தொடுவாங்க, இது பயந்து பல்லைக் காட்டும். கடிக்கிற நாய்னு எழுதி ஊசி போட்டுருவாங்க."

"தெரியும். அதான் சனிக்கிழமை வரைக்கும்னு சொல்றேன்."

அவளுக்கு வந்த கோபத்தில் டோக்கன் கட்டை மேசையில் ஓங்கிக் குத்தினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துரை மட்டும் தன் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வீடு துரையைத் திருப்பி அனுப்பியபோதே அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். இனிமேல் கண்டவர்களுக்கும் கொடுப்பதில்லை என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தாள். பதின்மூன்று கேள்வி. சொந்த வீடா, வாடகை வீடா? சுற்றுச்சுவர் உண்டா, எத்தனை அடி உயரம்? வீட்டில் எத்தனை மணி நேரம் ஆள் இருக்காது? நாய்க்குத் தனி அறை உண்டா? விண்ணப்பதாரரின் கல்வித் தகுதி? நன்றாகத் தட்டச்சு செய்து, மேலே கிளினிக் முத்திரையும் குத்திப் பார்த்தபோது அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. மூன்றாவது வீடு அந்தப் படிவத்தில் பன்னிரண்டு மதிப்பெண் வாங்கியதுதான்.

பின் அறைக்கு அன்று சாயங்காலம் வெள்ளையடித்தார்கள். பெயின்ட் வாடை துரைக்கு ஆகாது என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். நாய், பூனை, கோழி எதுவும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவர். துரை குரைக்கிற ரகமில்லாததால் ஓர் இரவு தாங்கும் என்று கணக்குப் போட்டாள்.

அம்மா காலை ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கி எழுந்திருந்தாள். நூல் மில்லில் ரிங் ஃபிரேம் மெஷின் பார்க்கிற வேலை. ஓடுகிற மெஷினில் அறுந்துபோகும் நூலை ஓடியோடி ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதைச் செய்ததில் அம்மாவின் காதுகளில் பாதியை மெஷின் தின்றுவிட்டது. அதனால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள், கூடவே கையையும் ஆட்டுவாள். கல்லூரியில் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துப்போக டிகிரிக்கு ஒரே கூச்சம். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இப்போது தன்மேலேயே எரிச்சல் வரும்.

துரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டிகிரி தரையில் காலால் தட்டினாள். டார்ச்சை அணைத்து அணைத்து எரித்தாள். போனில் பார்த்துப் படித்த வித்தைகள். துரைக்கு உடம்பு நடுங்கியது, திரும்பவில்லை.

"எதுக்குடி தரையை இந்த உதை உதைக்கிற?" என்றாள் அம்மா.

"கூப்பிடறேன்."

"இப்படிக் கூப்பிட்டா நானே வரமாட்டேன்."

அம்மா கொடியில் தொங்கிய தன் ஏப்ரன் பையில் கைவிட்டாள். மெஷின் உருளையில் சுற்றிக்கொள்ளும் கழிவுப் பஞ்சு, மில்லில் கொட்டியது போக, அதில் எப்போதும் கொஞ்சம் ஒட்டிக் கிடக்கும். ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி, துரையின் தோளைப் பார்த்து மெதுவாக எறிந்தாள்.

பஞ்சு தோளில் பட்டு உருண்டது. துரை திரும்பினார். பஞ்சைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா இரண்டு விரலைத் தன் பக்கம் மடக்கினாள். துரை பஞ்சைக் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, அடுத்தது எங்கே என்று நிமிர்ந்து பார்த்தார்.

டிகிரி டார்ச்சைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை செய்ம்மா."

ஏழு தடவை செய்தாள். ஏழு தடவையும் வந்தார். வாலை ஆட்டிய வேகத்தில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது.

"இதை எங்க கத்துக்கிட்ட?"

"எங்க கத்துக்கறது? மில்லுல எவளைக் கூப்பிடணும்னாலும் இப்படித்தான். அந்தச் சத்தத்துல கத்தினா யாருக்குக் கேக்கும்? பின்னால போய்த் தொட்டா அவ பதறிடுவா, கை மெஷினுக்குள்ள போயிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிடுவாங்க, யாரையும் பின்னாலேர்ந்து தொடக்கூடாதுன்னு. பஞ்சை எறி, திரும்புவா, முன்னால போய் நின்னு கையால சொல்லு."

மூன்று வீட்டிலும் துரையைப் பின்னாலிருந்துதான் தொட்டிருந்தார்கள். இப்படிக் கூப்பிடலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டிகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"சைரன் ரொம்ப நாளா ஒரு நாய் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா" என்றாள் அம்மா.

சைரன் அத்தை அம்மாவுக்கு அடுத்த மெஷின். முந்நூறு மெஷின் ஓடும் கூடத்தில் குரலாலேயே ஆளைத் திருப்பக்கூடிய ஒரே பெண் என்பதால் அந்தப் பேர். புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மில்லுக்குப் பின்னாலிருக்கும் வரிசை வீட்டில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள்.

"வந்து ஃபாரம் எழுதச் சொல்லு" என்றாள் டிகிரி.

வியாழக்கிழமை துரையைப் பின் அறைக்கே திருப்பிக் கூட்டி வந்தாள். மத்தியானம் வேறொரு போன் வந்தது. ஊருக்கு வெளியே பங்களா, எட்டடிச் சுற்றுச்சுவர், தோட்டம், நாய்க்குத் தனி அறை, தோட்டக்காரர் வேறு. போனிலேயே படிவத்தைக் கேட்டு வாங்கி, ஒரு மணி நேரத்தில் நிரப்பி அனுப்பினார் அந்தப் பங்களாக்காரர். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. டிகிரி அதை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார்.

சாயங்காலம் சைரன் அத்தை தலையில் பஞ்சுத் தூசியோடு கிளினிக்குக்கு வந்தாள். காத்திருந்த பூனைகள் இரண்டும் அவள் குரலைக் கேட்டுப் பெட்டிக்குள் பதுங்கின.

"எங்கடி என் புள்ள?"

"முதல்ல கேள்வி அத்தை. சொந்த வீடா?"

"மில்லோட வீடு. உனக்குத் தெரியாதா?"

"சுற்றுச்சுவர்?"

"சுவரே நாலுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு பக்கத்து வீட்டோடது."

"எத்தனை மணி நேரம் வீட்டுல ஆள் இருக்காது?"

"எட்டு. போகவர ஒரு அரை."

"தனி அறை?"

"எனக்கே இல்ல."

"படிப்பு?"

சைரன் அத்தை தலையிலிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டினாள். "அஞ்சாவது பாதி" என்றாள். அந்தக் குரல் அவ்வளவு சன்னமாக வந்து டிகிரி கேட்டதே இல்லை. "எத்தனை மார்க் தேறிச்சு?"

"மூணு."

"பங்களாவுக்கு?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"பெருக்கறவ சொன்னா. எத்தனை?"

"பதிமூணு."

"அப்ப சரி. நல்ல எடத்துக்குப் போகட்டும்." கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். துரையை அவள் பார்க்கவே இல்லை.

அம்மாவுக்கு விஷயம் ராத்திரிக்குள் எட்டிவிட்டது. வெள்ளி முழுக்க மகளோடு பேசவில்லை. சனி காலை ஐந்தேகாலுக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீ காலேஜ் சேர்றப்ப உனக்கு ஒரு ஃபாரம் குடுத்தான். குடும்பத்துல இதுக்கு முன்னாடி யார் படிச்சவங்கன்னு ஒரு கேள்வி. அதுல என்ன எழுதறதுன்னு தெரியாம பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த. இப்ப நீயே அதே ஃபாரத்தை டைப் அடிக்கிற."

"இது நாயோட பாதுகாப்புக்கும்மா."

"நாய் படிக்கவா போகுது?" என்று கேட்டுவிட்டு அம்மா போய்விட்டாள்.

டிகிரி அதற்கப்புறம் தூங்கவில்லை. ஆனாலும் எட்டடிச் சுவர் எட்டடிச் சுவர்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

எக்ஸ்ரே மெஷின் மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. ஒன்றேமுக்காலுக்கே வந்து நின்றது. ஆறு ஆட்கள், நீளமான மரப்பெட்டி. பெட்டி திரும்பவில்லை என்று பின்கதவைக் கழற்றி வைத்தார்கள். அறைக்குள் ஒரு நாய் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது? டிகிரி மருந்து அலமாரியிலிருந்து திரும்பியபோது ஒரு வெள்ளைக் கோடு சந்து வழியாக மில் ரோட்டை நோக்கிப் போனது.

"துரை" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்தியபடியே, யாரைக் கூப்பிடுகிறோம் என்று உறைத்து, செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

மில் ரோடு சாதாரண ரோடு அல்ல. பஞ்சு மூட்டை லாரிகள் வரும், நூல் ஏற்றிய லாரிகள் போகும், நடுவில் பஸ்கள். துரை நடுரோட்டில் ஒய்யாரமாக நடந்தார். ஒரு லாரி பின்னால் வந்து ஹாரனை அமுக்கியது. திரும்பவில்லை. லாரிக்காரன் சக்கரம் கதறக் கதறப் பிரேக் போட்டு, தலையை வெளியே நீட்டி டிகிரியின் வம்சத்தையே திட்டினான். அவள் எட்டிப் பிடித்துவிட்டாள், கை முதுகில் பட்டது. பின்னாலிருந்து. யார் செய்யக்கூடாதோ அவளே செய்தாள். துரை துள்ளிக் குதித்துப் பல்லைக் காட்டிவிட்டு, பயத்தில் எதிர்ப்பக்கம் பறந்தார்.

எதிர்ப்பக்கம்தான் மில் வாசல். அப்போதுதான் இரண்டு மணிச் சங்கு ஊதியது.

ஷிஃப்ட் விட்டு வெளியே வரும் பெண்கள் வாசலில் வரிசையாக நின்று ஏப்ரன் பையிலிருக்கும் கழிவுப் பஞ்சை ஒரு பெரிய டிரம்மில் கொட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது மில் சட்டம். நூற்றைம்பது பெண்கள் நின்றார்கள். முன்வரிசையில் அம்மா.

அம்மா பார்த்தாள். ரோட்டின் நடுவில் துரை, இரண்டு பக்கமும் வண்டி. டிரம்மில் கைவிட்டு ஒரு உருண்டை உருட்டி எறிந்தாள். எட்டவில்லை. பக்கத்திலிருந்தவள் எறிந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்தவளும் எறிந்தாள். ஏன் எதற்கு என்று கேட்காமலே ஐம்பது பேர் எறிந்தார்கள். நடுரோட்டில் பஞ்சு மழை. துரைக்கு ஜென்மத்தில் இப்படியொரு சந்தோஷம் கிடைத்திருக்காது. ஒன்றைக் கவ்வினார், போட்டார், இன்னொன்றைக் கவ்வினார், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தார். லாரிகள் அதற்குள் இரண்டாவது வரிசை கட்டிவிட்டன. அதற்கும் பின்னால் ஒரு வெள்ளைக் கார் விடாமல் ஹாரன் அடித்தது.

"எறியறதை நிறுத்துங்கடி."

சைரன் அத்தை. அந்தக் குரல் வாசலில் கிளம்பி மில் ரோட்டின் அந்தக் கோடிவரை போனது. ஐம்பது கையும் அந்தரத்தில் நின்றன. லாரிக்காரன் இன்ஜினை அணைத்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அத்தை இரண்டு கையையும் விரித்தபடி ரோட்டில் இறங்கினாள். வலது பக்கத்து லாரியை ஒரு கையால் நிறுத்தினாள், இடது பக்கத்து பஸ்ஸை இன்னொரு கையால். நாய்க்கு எட்டடி முன்னால், அவர் கண்ணுக்கு நேராக வந்து குந்தினாள். ஒரே ஒரு பஞ்சு உருண்டையை அவர் மார்பில் படும்படி எறிந்தாள். இரண்டு விரலை மடக்கினாள்.

துரை வாயிலிருந்ததைத் துப்பினார். விழுந்ததை எடுத்தார். நேராக நடந்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அத்தை அவசரப்படவில்லை. கையை முதலில் அவர் மூக்குக்குக் காட்டினாள், அப்புறம் தாடையைத் தடவினாள், அப்புறம்தான் கழுத்துப்பட்டையைப் பிடித்தாள்.

மில் வாசலில் எழுந்த கூச்சலில் காவலாளி தொப்பியைத் தவறவிட்டார். பஸ்ஸிலிருந்து யாரோ கை தட்டினார்கள். டிகிரி வெறுங்காலோடு நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி சிரித்தாள்.

வெள்ளைக் காரிலிருந்து நல்ல சட்டை போட்ட ஒருவர் இறங்கி வந்தார். "கிளினிக் பொண்ணு நீதானே? நான்தான் ரெண்டு மணிக்கு வர்றேன்னு சொன்னது. இவன்தானா அது? எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கிறேன், நகரவே மாட்டேங்கிறான்."

டிகிரி எழுந்து நின்றாள். "சார், அது செவிடு. நீங்க நிரப்பின ஃபாரத்துல மூணு இடத்துல எழுதியிருக்கேன்."

"அட, ஆமாம்ல" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. வெட்கப்பட்டுச் சிரிக்கவும் செய்தார். "பழகிக்கலாம். வீட்டுல எல்லா வசதியும் இருக்கு."

"வசதி இருக்கு சார். உங்க சுவர் எட்டடி, நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா நாய் கிடைக்காது. தப்பு என்னோடது, நான் கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டேன்."

டாக்டரம்மா அதற்குள் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார். "என்ன சொல்ற நீ? பின்ன யாருக்குக் குடுக்கப் போற?"

"அத்தைக்கு."

"அங்க கம்பவுண்டே கிடையாதேம்மா. அவங்க வேலைக்குப் போயிட்டா யார் பாத்துப்பாங்க?"

டிகிரி திரும்பி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய நூற்றைம்பது பேர். "அந்த வரிசையில பதினோரு வீடு மேடம். மூணு ஷிஃப்ட். பகல்லயும் ராத்திரியிலயும் எந்த நேரம் போனாலும் நாலு பேர் வீட்டுல இருப்பாங்க. சந்து முட்டுச்சந்து, சைக்கிளைத் தவிர எதுவும் நுழையாது. அங்க ஒருத்தரும் ஒருத்தரைப் பின்னாலேர்ந்து தொடமாட்டாங்க. சின்ன வயசுலேர்ந்து அங்க போய் வந்துட்டிருக்கேன், ஃபாரம் எழுதறப்ப ஞாபகம் வரல."

டாக்டரம்மா சைரன் அத்தையைப் பார்த்தார். அத்தை நிமிரவில்லை. துரையின் காதுக்குள் விரலை விட்டுப் பஞ்சுத் தூசியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு மூணு மார்க்குதாங்க."

"அத்தை, போதும், குத்திக்காட்டாதீங்க" என்றாள் டிகிரி. "நான் தெரியாம பண்ணிட்டேன். எடுத்துக்கங்க."

"கெஞ்சறியா, உத்தரவு போடறியா?"

"கெஞ்சறேன்."

"டிகிரி படிச்சவ கெஞ்சறதைப் பாக்க நல்லாத்தான் இருக்கு." அத்தை எழுந்தாள். "நட துரை."

மில் வாசலை விட்டு நகர்வதற்கு முன்பே, துரை எப்போது யாரிடம் என்ற சண்டை தொடங்கிவிட்டது. வேலைக்கு உள்ளே போகிற மத்தியான ஷிஃப்டுக்காரிகள் சாயங்காலம் பார்க்க முடியாதே என்று குறைபட்டார்கள். வேடிக்கை பார்க்க எழுந்து வந்த இரவு ஷிஃப்டுக்காரிகள் பகலெல்லாம் எங்களுக்கு என்றார்கள். ஞாயிறு காலை யாருக்கும் வேண்டாம், எல்லாரும் தூங்குவார்கள்.

"அது டிகிரிக்கு" என்றாள் அம்மா. விடியற்காலைக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு.

"சரி" என்றாள் டிகிரி.

பின் அறையிலிருந்து துரையின் பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, நாலு வீட்டு வாசலில் நாலு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டிருந்தார்கள். துரை ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தார். எல்லாவற்றிலும் மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். பிறகு யோசித்து, கோடி வீட்டு வாசலில் போய்ச் சுருண்டு படுத்தார்.

"அது என் வீடு" என்று கோடி வீட்டுக்காரி மகிழ்ந்து போனாள்.

சைரன் அத்தைக்கு மூக்கு சிவந்தது. விறுவிறுவென்று நடந்து, அவரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வந்து, குந்தி உட்கார்ந்தாள். கண் திறக்கும்வரை காத்திருந்தாள். திறந்ததும், ஒரு விரலால் பக்கத்திலிருந்த தன் வீட்டுக் கதவைக் காட்டினாள்.

துரை அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். சோம்பல் முறித்து எழுந்து, அவளுக்கு முன்னாலேயே உள்ளே போனார்.